தூங்கி எழுந்த கம்ப்யூட்டரில் சென்னியப்பன்

குருக்கத்திவலசு கடைவீதியில் அச்சகம் வைத்திருக்கும் அத்தப்பன் ஆயுத பூஜையன்று ஒரு சாமானையும் விடமாட்டார். காகிதம் வெட்டும் மிஷினில் ஆரம்பித்து, ஃப்ளெக்ஸ் அடிக்கும் மிஷின், கத்தரிக்கோல், ஸ்டேப்ளர், பசை டப்பா, ஏணி, ஸ்கூட்டர், ஸ்கூட்டரின் இரண்டு கண்ணாடிகள், மூலையில் சாத்திய ஒட்டடைக்குச்சி வரைக்கும் எல்லாவற்றையும் துடைத்து, திருநீற்றில் மூன்று பட்டை இழுத்து, நடுவில் சந்தனம் அப்பி, அதன் நடுவில் குங்குமம் வைத்து முடிப்பதற்குள் அவருடைய வேட்டியே பூஜைச் சாமான் மாதிரி ஆகிவிடும். அன்றைக்குப் பூஜை போட்ட எதையும் வேலை வாங்கக் கூடாது என்பதில் அவர் படு கண்டிப்பு. கம்ப்யூட்டரை அணைக்கக்கூட விடமாட்டார். அணைவதும் அதற்கு ஒரு வேலைதானே என்பார். ஆகையால் அந்த வருஷமும், பாதி அடித்த கல்யாணப் பத்திரிகை ஒன்று திரையில் திறந்தபடி இருக்க, யாரும் தன்னைத் தொடவில்லை என்று கண்ட கம்ப்யூட்டர், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானாகவே தூங்கிப்போனது.

அதன் எதிரே நாற்காலியில், அதை ஓட்டுகிற சென்னியப்பனும் தூங்கிப்போனான். பொரியும் கடலையும் சுண்டலும் தின்று, அதற்குமேல் பாயசத்தோடு சாப்பாடும் சாப்பிட்டு, கடையிலேயே ஏசி இருக்கிற ஒரே அறையில் போய் உட்கார்ந்தால் யார்தான் தூங்கமாட்டார்கள். அந்த நேரம் பார்த்துத் தட்டோடு வந்த அத்தப்பன் திரைக்கு மூன்று பட்டை போட்டார், கீபோர்டுக்குப் பொட்டு வைத்தார், மவுசுக்கு ஒரு சின்னப் பொட்டு வைத்தார், கை ஓடுகிற ஓட்டத்தில் நிறுத்த மனசில்லாமல் சென்னியப்பனின் நெற்றி, கன்னம், மூக்கு எல்லாவற்றிலும் அதேபோல அப்பிவிட்டார். "இவனும் நம்ம ஆயுதந்தானே" என்று அவர் சொன்னபோது கூட நின்று சிரித்தவர்கள் இன்றைக்கும் ஊரில் இருக்கிறார்கள், கேட்டால் நான் சிரிக்கவேயில்லை என்பார்கள்.

தூங்குகிறவர் முகத்தில் எதையும் பூசக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தூங்கும்போது உள்ளே இருப்பது மெல்ல எழுந்து வெளியே காற்று வாங்கப் போகும். திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்துத்தான் இது என் வீடு என்று அடையாளம் கண்டுகொள்ளும். முகம் மாறியிருந்தால் வாசலிலேயே நின்று முழிக்கும். அது மனுஷனுக்கு மட்டும் சொன்னது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரே அறையில் தூங்கிய இரண்டும் ஒன்றாகக் கிளம்பி வாய்க்கால் மேட்டுப் பக்கம் போனதாகச் சிலரும், சந்தைப்பேட்டை வரைக்கும் போய்ப் பொரி வாங்கிக்கொண்டு வந்ததாகச் சிலரும் சொல்கிறார்கள். எங்கே போனாலும் திரும்பி வந்தபோது இரண்டுக்கும் தலைகால் புரியவில்லை. எதிரெதிரே இரண்டு முகம், இரண்டிலும் அதே பட்டை, அதே சந்தனம், அதே குங்குமம். வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, இதுவாகத்தான் இருக்கும் என்று ஆளுக்கொரு வாசலில் நுழைந்துகொண்டன.

முதலில் எழுந்தது உடம்பு. தான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்கு அன்றைக்கு லீவு என்பதால் புருஷனைக் கூட்டிப்போக வந்த தெய்வானை, "ஏனுங்க, எந்திரிங்க, பொழுதாச்சு" என்று தோளைத் தொட்டாள். சென்னியப்பன் கண்ணைத் திறந்தான். இமைக்காமல் அவளைப் பார்த்து, "அன்புடையீர், நிகழும் மங்களகரமான ஐப்பசி மாதம் வளர்பிறையில்" என்று ஆரம்பித்து, பத்திரிகை அதுவரைக்கும்தான் அடிக்கப்பட்டிருந்தது ஆகையால் அங்கேயே நின்றுகொண்டு, "எழுத்தைப் பெருசு பண்ணட்டுங்களா?" என்று கேட்டான். தெய்வானை குனிந்து வாயை மோந்து பார்த்தாள். பாயசம்தான் மணத்தது. சரி, தூக்கக் கலக்கம் என்று வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

மறுநாள் காலையில் அத்தப்பன் கற்பூரம் காட்டிவிட்டு மவுசை ஆட்டினார். திரை நீலமாகி, மெமரியில் தவறு என்று ஒரு வரி காட்டி, கறுப்பாகி, பிறகு அந்தக் கறுப்பில் வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன: "அண்ணா, கண்ணுல சந்தனம். ஒண்ணுந் தெரியலீங்க. சித்தெ தொடச்சு உடுங்க."

அத்தப்பன் வேட்டி முனையால் துடைத்தார்.

"இப்பத் தெரியுது. ஏனுங்ண்ணா, இன்னைக்கும் அதே வேட்டியா?"

"யாருடா அது?"

"சென்னி."

அத்தப்பன் ஆச்சரியப்படுகிற ஆள் இல்லை. "அங்க போயி என்னடா பண்றே? கொளந்தசாமி ஊட்டுப் பத்திரிகை மத்தியானத்துக்குள்ள குடுக்கோணும்டா" என்றார். திரையில் பத்திரிகை அப்போதே வந்தது. மின்னல் வேகம். ஆனால் அடியில், "பொண்ணுக்கு இந்த மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை, போட்டோவில் கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது" என்றும் ஒரு வரி இருந்தது.

ஈரோட்டிலிருந்து ரிப்பேர் பார்க்க பெனாசிரை வரவழைத்தார்கள். எங்கள் பக்கத்துக் கடைகளில் எந்தக் கம்ப்யூட்டர் படுத்தாலும் பெனாசிர்தான் வருவாள். ஸ்கூட்டரில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் திருப்புளிகள், ஒரு தூரிகை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரி ஒரு ரப்பர். தூங்கி எழும்போது மெமரியில் தவறு என்று வந்தால் அவள் செய்வது ஒரே முறைதான். மூடியைக் கழற்றுவாள், தூசியைத் தட்டுவாள், மெமரிப் பட்டையை உருவி அதன் பல்வரிசையை ரப்பரால் தேய்த்து, அடுத்த குழியில் மாற்றிச் செருகுவாள். பாதி கம்ப்யூட்டர்கள் அதிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும். அன்றைக்கும் மூடியைக் கழற்றித் தூரிகையை உள்ளே விட்டாள். "கூசுதுங்க, கூசுதுங்க" என்று திரை முழுக்க எழுத்து ஓடியது. பெனாசிர் தூரிகையை எடுத்துவிட்டு, அதையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"அண்ணா, இவரு மெமரில இருக்காருங்க. பட்டைய உருவுனன்னா ஆளு போயிருவாரு."

"எங்க போவான்?"

"எங்கயும் போகமாட்டாரு. இல்லாமப் போயிருவாரு. கரண்ட்டு இருக்கற வரைக்கும்தாண்ணா மெமரி. ஹார்டு டிஸ்க்குல எறக்கி வெச்சாத்தான் நிக்கும்."

இறக்கிப் பார்த்தார்கள். டிஸ்க்கில் இடமில்லை என்று வந்தது. அத்தப்பன் கடை திறந்த நாள் முதல் ஊரில் நடந்த அத்தனை கல்யாணம், காதுகுத்து, சீர், இரங்கல் என்று ஒரு போட்டோவைக்கூட அழிக்காமல் வைத்திருந்தார், சென்னியப்பனோ கொஞ்ச இடத்தில் அடங்குகிற மனுஷன் இல்லை. எதையாவது அழித்தால்தான் அவனுக்கு இடம். ஊரைக் கூட்டிக் கேட்டார்கள். எல்லோரும் அழிக்கலாம், அவசியம் அழிக்கலாம், உயிரல்லவா பெரிது என்றார்கள். எதை அழிப்பது என்று கேட்டபோது பக்கத்து வீட்டுக்காரர் கல்யாணத்தைக் காட்டினார்கள். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

விஷயத்தின் வேர் என்னவென்று சொன்னவள் தெய்வானையின் அம்மாதான். வந்தாள், மருமகன் நெற்றியைப் பார்த்தாள், திரையின் ஓரத்தில் காய்ந்திருந்த சந்தனத்தைப் பார்த்தாள், "மொகத்துல பூசுனது யாரு?" என்றாள். எல்லோரும் அத்தப்பனைப் பார்த்தோம். அத்தப்பன் ஏணியைப் பார்த்தார்.

"மாறிப் போனது மாறித்தான் வரோணும். ரெண்டும் ஒண்ணாத் தூங்கோணும், மொகம் பழையபடி இருக்கோணும். வேற வழியில்ல" என்றாள் அவள்.

ஆனால் யாருக்கும் அதில் பெரிய அவசரம் இருக்கவில்லை, ஏனென்றால் இரண்டு நாள் போவதற்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது, அதைவிட, பிடித்துப்போய்விட்டது. வீட்டில் இருந்த சென்னியப்பன் சொன்னதைச் செய்தான். துவைக்கச் சொன்னால் துவைத்தான், மாவாட்டச் சொன்னால் ஆட்டினான், ரேஷன் கடை வரிசையில் நிற்கச் சொன்னால் கால்கூட மாற்றாமல் நின்றான். அக்கம்பக்கத்துப் பெண்கள், "தெய்வானை, உங்கூட்டுக்காரரச் சித்தெ அனுப்பு" என்று இரவல் கேட்டார்கள். ஒரே குறை, ஒரே நேரத்தில் இரண்டு பேர் இரண்டு வேலை சொல்லிவிட்டால் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிடுவான். தோளில் இரண்டு தட்டுத் தட்டினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். ஒவ்வொரு சாப்பாடு முடிந்ததும், "இதைச் சேமிக்கட்டுங்களா?" என்று கேட்பான். மாமியாருக்கு அதில் அப்படி ஒரு பூரிப்பு. "பாரு, என்ற கொழம்பச் சேமிக்கட்டுமாங்கறாரு. இத்தன வருசத்துல ஒருநாளு நல்லாருக்குன்னு சொல்லியிருப்பாரா?" என்று வீதியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். மாற்றித்தான் ஆகவேண்டும் என்று முதலில் சொன்னவளே, அவசரப்பட வேண்டாம் என்றும் சொல்ல ஆரம்பித்தாள்.

கடையில் இருந்த சென்னியப்பன் சொன்னதைச் செய்யவில்லை, அதனாலேயே அவனுக்கு மவுசு கூடியது. எத்தனையோ வருஷமாக எங்கள் எல்லோருடைய முகத்தையும் வெட்டி ஒட்டி வெளுப்பாக்கிக் கொடுத்தவன் அவன். அப்போதெல்லாம் வாயைத் திறக்காதவன் இப்போது எழுத்தெழுத்தாகத் திறந்தான். இந்தப் போட்டோ வேண்டாம், இதில் இருக்கிற தலைமுடி இப்போது உங்களிடம் இல்லை என்றான். வரவேற்பு ஃப்ளெக்ஸில் பங்காளிகள் தலை இத்தனை எதற்கு, போன வாரம்தானே வாய்க்கால் தகராறில் வேட்டியை மடித்துக் கட்டினீர்கள் என்றான். திட்டு வாங்கப் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வந்தார்கள். மரியாதைக்கு இளநீர் வாங்கிக் கொண்டுவந்து திரைக்கு முன்னால் வைத்தார்கள். அதை அத்தப்பன் குடித்தார். சம்பளமில்லாத ஆள், லீவு கேட்காத ஆள், கூட்டமோ தாங்கவில்லை, அத்தப்பனுக்கு ஆயுத பூஜை பலித்துவிட்டது என்றே ஊர் பேசிக்கொண்டது.

தெய்வானை ஒருத்திதான் தவித்தாள். வீட்டில் சென்னியப்பனின் கை, சென்னியப்பனின் கால், சென்னியப்பனின் வியர்வை வாசம். அதற்குள் பாதிப் பத்திரிகை. கடையில் சென்னியப்பனின் கோபம், சென்னியப்பனின் நக்கல். அதைத் தொட்டால் கண்ணாடி. சாயங்காலம் கம்பெனி வேன் கடைவீதியில் இறக்கிவிட்டதும் நேரே அச்சகத்துக்கு வருவாள், அத்தப்பன் நாகரிகமாக வெளியே போய் டீ குடிப்பார், அவள் திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வாள்.

முதல் நாள் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. வழக்கமாகப் பேசுவதையே பேசினாள். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தெய்வானைக்கு வேனில் நடந்ததை வீட்டில் வந்து சொல்லாவிட்டால் சோறு இறங்காது, சென்னியப்பனுக்கு அவள் சொல்ல ஆரம்பித்தால் கண் நிற்காது. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். "இன்னிக்கு வேன்ல" என்று அவள் ஆரம்பித்தால் முதல் வாக்கியத்தில் உம் கொட்டுவான், இரண்டாவதில் கொட்டாவி விடுவான், மூன்றாவதில் குறட்டை வரும். மிச்சத்தை அவள் சுவரைப் பார்த்துச் சொல்லி முடிப்பாள். அது அவளுக்கு எவ்வளவு வலித்தது என்பது யாருக்கும் தெரியாது, அவளே அதை வலி என்று சொல்லிக்கொண்டதில்லை.

அன்றைக்கும், "இன்னிக்கு வேன்ல சரசக்காளும் பாப்பாத்தியக்காளும் மறுக்கா மொகத்தத் திருப்பிக்கிட்டாங்க" என்று ஆரம்பித்தாள். சரசக்காள் சோறு கொண்டுவரும் தூக்குப்போசியின் மூடி வெகுகாலத்துக்கு முன்னால் வேனில் காணாமல் போனது, பாப்பாத்தியக்காள்தான் எடுத்தாள் என்று சரசக்காள் சொன்னது, அதிலிருந்து இருவரும் ஒரே சீட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தும் ஒரு வார்த்தை பேசாமலே கம்பெனிக்குப் போய் வருவது, நடுவில் மூடியில்லாத போசியில் சரசக்காளின் ரசம் பாப்பாத்தியக்காளின் சேலையில் கொட்டியது என்று மூன்றாவது வாக்கியத்தைத் தாண்டி, முப்பதாவது வாக்கியத்தையும் தாண்டிப் போய்விட்டு, பழக்கத்தில் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

திரையில் ஒரு சொல் நின்றது. "அப்பறம்?"

தெய்வானை அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்புறம் நடந்ததைச் சொன்னாள். மறுநாளும் சொன்னாள். அவன் குறுக்கே கேள்வி கேட்டான். ரசமா, மோரா? சேலை என்ன நிறம்? டிரைவர் யார் பக்கம்? கொட்டாவி விட வாயில்லாத காரணமோ, சொருகக் கண்ணில்லாத காரணமோ, கம்ப்யூட்டருக்குள் போன சென்னியப்பன் கேட்கக் கற்றுக்கொண்டான். இப்படி ஒரு புருஷனைத் திரும்ப உடம்புக்குள் அழைத்துவந்து என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வீட்டில் இருந்தவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, இமைக்காமல், "வேற ஏதாச்சுங்களா?" என்று கேட்டான்.

அந்த நேரத்தில்தான் பேப்பரில் வந்தது: மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாகக் குருக்கத்திவலசிலும் சுற்று வட்டாரத்திலும் புதன்கிழமை காலை ஒன்பது மணி முதல் மின்சாரம் இருக்காது.

மாசாமாசம் வருவதுதான். மாசாமாசம் திட்டிவிட்டு மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொள்வதுதான். இந்த மாசம் ஊரே உறைந்துபோனது. கடையில் இருக்கிற யூபிஎஸ் ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் தாங்கும். அதற்கு மேல் சென்னியப்பன் இல்லை. சப்ஸ்டேஷனுக்குப் போய்க் கெஞ்சினோம். "உங்க ஊரு ஒண்ணுக்காகவாங்க லைன்? மரக்கெளை எல்லாம் கம்பிமேல கெடக்குது" என்றார் அங்கிருந்தவர், அதிலும் நியாயம் இருந்தது. ஜெனரேட்டர் தேடினோம். அன்றைக்குப் பெரிய முகூர்த்தம். வட்டாரத்து ஜெனரேட்டர்கள் எல்லாம் கல்யாண மண்டபங்களுக்குப் போய்விட்டிருந்தன, அந்தக் கல்யாணங்களுக்கெல்லாம் பத்திரிகை அடித்தவனே சென்னியப்பன்தான்.

"அப்ப இன்னைக்கே மாத்திருங்க. தூங்கச் சொல்லுங்க" என்றாள் தெய்வானை.

அங்கேதான் சிக்கல். சென்னியப்பன் தூங்க மறுத்தான். செட்டிங்கில் போய், தூக்கம் என்ற இடத்தில் ஒருபோதும் வேண்டாம் என்று தானே மாற்றி வைத்திருந்தான், அதை யார் மாற்றினாலும் மறுபடி அவன் மாற்றினான். அதட்டிப் பார்த்தார் அத்தப்பன், அன்பாகவும் சொல்லிப் பார்த்தார்.

"பயமா இருக்குதுங்ண்ணா" என்று எழுதினான். "போன தடவ தூங்கி எந்திரிச்சா இங்க இருக்கறேன். இந்தத் தடவ தூங்கி எந்திரிச்சு உங்க ஸ்கூட்டருக்குள்ள இருந்தன்னா?"

பெனாசிரிடம் கேட்டார்கள். "பட்டன அமுக்கித் தூங்க வெக்கலாமுங்க. ஆனா வலுக்கட்டாயமாத் தூங்க வெச்சா எந்திரிக்கறப்பதான் மெமரில தவறே வருது. பாதி ஆளு வருவாரு, பாதி வராது. அவரா எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுக் கெளம்போணும்" என்றாள். கம்ப்யூட்டரைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், அதற்கு நினைவு போனால் மறுபடி பிறந்த மாதிரி எழுந்து தேதி கேட்கும் என்றும் சொன்னாள்.

புதன்கிழமை காலையில் கடைவீதியே அச்சகத்துக்குள் இருந்தது. வீட்டுச் சென்னியப்பனைக் கொண்டுவந்து அதே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அப்போதுதான் தெய்வானையின் அம்மா, "ஐயோ, தாடி!" என்றாள். முகம் மழிக்க வேண்டும் என்று யாரும் சொல்லாததால் அவன் மழிக்கவேயில்லை, முகமே வேறு முகமாகியிருந்தது. சலூன்காரர் ஓடிவந்து, பழைய மீசை எவ்வளவு அகலம் என்று போட்டோ பார்த்து, வலது பக்கம் கொஞ்சம் ஏறியிருந்தது என்று நாலு பேர் சொல்ல, இல்லை இடது பக்கம் என்று நாலு பேர் சொல்ல, மழித்து முடித்தார். நெற்றியில் மாமியார் பூசிவிட்டிருந்த திருநீற்றையும் கழுவித் துடைத்தார்கள். பெனாசிர் திரையை ஈரத்துணியால் துடைத்துச் சந்தனத்தின் கடைசித் துணுக்கையும் நகத்தால் சுரண்டினாள். "தூங்கு" என்றதும் உடம்பில் இருந்தது அந்தக் கணமே கண்ணை மூடிக்கொண்டது. சமர்த்து.

சரியாக ஒன்பதுக்கு மின்விசிறி நின்றது. ஏசி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. யூபிஎஸ் கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது.

"தெய்வானை, நீ பேசு. நீ பேசுனாத் தூங்கிருவான்ல, ஊருக்கே தெரியுமே" என்றார் அத்தப்பன். பதற்றத்தில் சொல்லிவிட்டார். வேறு நாளாக இருந்தால் தெய்வானை அவரைச் சும்மா விட்டிருக்கமாட்டாள்.

திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். "நேத்து வேன்ல" என்று ஆரம்பித்தாள். வேனில் சரசக்காள் காய்ச்சலில் வந்தது, போசியைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது, பக்கத்தில் இருந்த பாப்பாத்தியக்காள் ஒன்றும் பேசாமல் அந்தப் போசியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டது, கொஞ்ச தூரம் போனதும் தன் பைக்குள் கையை விட்டது.

"அப்பறம்?" என்றது திரை.

யூபிஎஸ் வேகமாகக் கத்தியது. "தூங்கறானா?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள். "எங்க தூங்கறான், முழிச்சுக் கேட்டுக்கிட்டிருக்கான்" என்று யாரோ சொன்னார்கள்.

"பைக்குள்ள இருந்து ஒரு மூடிய எடுத்தாங்க."

"அந்த மூடியா?"

"அதே மூடி."

"அய்யய்யோ. அப்பறம்?"

தெய்வானைக்கு வேர்த்து ஊற்றியது. சொல்லச் சொல்ல அவன் இன்னும் விழித்துக்கொள்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. இத்தனை வருஷம் ஆசைப்பட்டது கிடைத்த நேரம் இப்படிப்பட்ட நேரமாகவா இருக்க வேண்டும் என்று அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"பாப்பாத்தியக்கா அந்த மூடியத் திருப்பிப் பாத்தாங்க. உள்பக்கம் பேரு வெட்டியிருந்துச்சு. சரசக்கா பேரு இல்ல. பாப்பாத்தியக்கா பேரும் இல்ல. பாத்த ஒடனே ரெண்டு பேரும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்தாங்க."

"யாரு பேரு?"

தெய்வானை வாயை மூடிக்கொண்டாள்.

"யாரு பேரு வெட்டியிருந்துச்சு?"

"மிச்சத்த ஊட்டுக்கு வந்தாச் சொல்றேன்."

"தெய்வானை!"

"கண்ணாடிக்கு எல்லாம் இனிமேச் சொல்றதா இல்ல. எனக்கு உம் கொட்டற வாயி வேணும். தூங்குனாலும் பரவால்லீங்க, அந்த மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லுவேன். வந்தீங்கன்னாக் கேட்டுக்கோங்க. வரலீன்னா யாரு பேருன்னு தெரியாமயே போங்க."

யூபிஎஸ் கத்துவது ஒரே நீளமான சத்தமாக மாறியது. பெனாசிர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அப்போது எழுத்துகள் வந்தன, அவசரத்தில் ஒரு எழுத்தின்மேல் ஒரு எழுத்து ஏறிக்கொண்டு:

"ஸ்கூட்டர வெளிய கொண்டுபோயி நிறுத்துங்க."

அத்தப்பனே தள்ளிக்கொண்டு ஓடினார். திரை மெல்ல மங்கி இருண்டது. அதன் கீழே சின்ன விளக்கு மூச்சுவிடுகிற மாதிரி ஒருமுறை எரிந்து அணைந்தது, மறுபடி எரிந்தது, யூபிஎஸ் சத்தம் நின்றது, விளக்கும் நின்றது. அவன் அதற்கு முன்னால் கிளம்பிவிட்டானா, உள்ளேயே இருந்துவிட்டானா என்பது யாருக்கும் தெரியவில்லை. ஒரு ஈ நாற்காலியைச் சுற்றியது. அதை விரட்டக்கூட யாரும் கையைத் தூக்கவில்லை.

தெய்வானை எழுந்துபோய் அவன் தோளைத் தொட்டாள். உலுக்கவில்லை. "ஏனுங்க" என்றாள். மறுபடி, "ஏனுங்க" என்றாள்.

கண் திறந்தது. கூரையைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. இமைக்கவில்லை. தெய்வானையின் அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். அந்தக் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஒருமுறை இமைத்தது, இன்னொரு முறை இமைத்தது, சென்னியப்பன் கழுத்தைச் சொறிந்துகொண்டு, ஊரே மூக்கைப் பொத்தும்படி ஒரு கொட்டாவி விட்டு, "யாரு பேரு?" என்றான்.

அத்தப்பன் அழுதே விட்டார். வெளியே யாரோ பட்டாசுக்கு ஓடினார்கள். தெய்வானை மட்டும் அப்படியே நின்றாள், ஏனென்றால் வேனில் நேற்று நடந்தது அவ்வளவுதான். பாப்பாத்தியக்காள் போசியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், கம்பெனி கேட் வந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டு எல்லோரும் இறங்கிப் போனார்கள். பைக்குள் யாரும் கையை விடவில்லை. மூடியை யாரும் பார்க்கவில்லை, அது எங்கே இருக்கிறது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வேனில் நடந்ததில் ஒரு எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ சொல்லாதவள் அவள். மூடியைப் பற்றி அவள் சொன்னது முழுக்க அந்த யூபிஎஸ் கத்தலில் வாயில் வந்தது.

சென்னியப்பன் காத்திருந்தான். பட்டாசுக்கு ஓடியவர்கூட வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். ஊரே அந்தப் பெயருக்காகக் காத்திருந்தது. தெய்வானை இப்போதுதான் மழித்த அந்த முகத்தை, தூக்கம் துளிகூட இல்லாத அந்தக் கண்ணைப் பார்த்தாள்.

"என்ற பேருதானுங்க" என்றாள்.

சென்னியப்பன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.